பலவேசம் வீட்டு மாடிப்படிக்கு எவர்சில்வர் கைப்பிடி

செங்கமடை ஊரில் அறிவுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. பஞ்சம் வர வேண்டுமானால் அது எப்போதாவது அங்கே விளைந்திருக்க வேண்டுமே.

அப்படிப்பட்ட ஊரிலேயே மூன்று பேருக்குத் தனி மரியாதை. பலவேசம், இன்னாசி, மாடக்கண்ணு. மூவரும் பஸ் டிப்போவில் முப்பது வருஷம் ஒன்றாகக் குப்பை கொட்டிவிட்டு ஒரே வருஷத்தில் ஓய்வு பெற்றவர்கள். பலவேசம் டைம்கீப்பர், இன்னாசி டிரைவர், மாடக்கண்ணு கண்டக்டர். டிப்போ அவர்களை விட்டுவிட்டது. அவர்கள்தான் டிப்போவை விடவில்லை. எழுதி வந்த காகிதம் எதுவானாலும் அவர்களுக்கு அது சர்க்குலர். சர்க்குலர் என்றால் உரக்கப் படிக்க வேண்டும், மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும், பிறகு அதில் உள்ளபடி இம்மி பிசகாமல் நடக்க வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்பது ஒழுங்கீனம். மருந்து அட்டையில் 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று போட்டிருந்ததால், குழந்தையே இல்லாத வீட்டில் பிரஷர் மாத்திரையைப் பரணில் வைத்து, தினமும் ஸ்டூல் போட்டு ஏறித் தின்றவர் பலவேசம். ஏறி இறங்குவதில் பிரஷர் கூடிப் போனதைப் பற்றி சர்க்குலரில் ஒன்றும் இல்லை.

பலவேசத்தின் வீடு மாடியில். கீழே உரக்கடைக்காரர் குடோன் வைத்திருந்தார். தெருவிலிருந்து மாடிக்கு வெளிப்புறமாகப் பதினேழு படி. வீடு கட்டின நாளிலிருந்து அந்தப் படிக்குக் கைப்பிடி கிடையாது. "அடுத்த மாசம் போட்டுருவோம்" என்று பலவேசம் சொல்லிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது அவர் மனைவி சண்முகவடிவுக்கு முழங்காலில் ஆபரேஷன். கையால் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாத படியில் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சங்கரன்கோவிலில் அண்ணன் வீட்டுக்குப் போனவள் போனில் கறாராகப் பேசினாள்.

"அடுத்த வெள்ளிக்கிழம அண்ணன் என்னய அங்கன கூட்டிட்டு வாராவ. கைப்பிடி இருந்தா ஏறுவேன். இல்லன்னா அதே ஆட்டோவுல திரும்பிருவேன். பொறவு நான் இங்கனதான் இருப்பேன், பாத்துக்கிடுங்க."

சண்முகவடிவு இல்லாத வீட்டில் இரண்டு வாரமாகப் பலவேசத்துக்குச் சோறு இறங்கவில்லை. தான் சமைத்த சோறு என்பதும் ஒரு காரணம்தான். ஆனாலும் நிஜமாகவே அவருக்கு அவள் வேண்டும். காலையில் எழுந்தால் திட்டுவதற்கு ஒரு ஆள் இல்லாமல் வீடு வெறிச்சென்று கிடந்தது. அவள் சேலை காய்கிற கொடியைப் பார்த்து இரண்டு தடவை அழுதும் விட்டார்.

ஊரில் கைப்பிடி போடுகிறவர்கள் எல்லாரும் கல்யாண மண்டப வேலையில் இருந்தார்கள். "தை மாசம் வாரோம் அண்ணாச்சி" என்றார்கள்.

"தை வரைக்கும் எவன் காத்திருப்பான்? நாமளே போடுவோம் வே. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவங்களுக்கு ஒரு பைப்பை ஒட்டத் தெரியாதா?" என்றார் பலவேசம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற அளவுக்கு மற்ற இருவருக்கும் புத்தி கிடையாது. அதனால் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

வெல்டிங் மெஷின் கடைக்காரர் ஜெயசீலன் நல்ல மனுஷர். மெஷினையும் ஆர்கான் சிலிண்டரையும் வீட்டில் இறக்கி, அரை நாள் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். இன்னாசிக்குக் கை நடுங்கவில்லை. ஸ்டீயரிங் பிடித்த கை, வெல்டிங் டார்ச்சையும் கெட்டியாகப் பிடித்தது. ஜெயசீலன் சந்தோஷப்பட்டு, மறந்துவிடக் கூடாதே என்று ஐந்தாறு விஷயங்களை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் செய்த தப்பு அது ஒன்றுதான்.

காகிதம் வந்ததும் மூவரும் எழுந்து நின்றார்கள். பலவேசம் உரக்கப் படித்தார். கையெழுத்துப் போட்டார்கள். தேதியும் போட்டார்கள்.

முதல் விதி: 'பழைய துண்டில் பழகிவிட்டுப் பிறகு புதுப் பைப்பில் கை வைக்கவும்.'

"எல்லாப் பைப்பும் புதுசால்லா இருக்கு?" என்றார் மாடக்கண்ணு.

"ஒண்ணை வெட்டி வெயில்ல போடும். பழசாயிரும்" என்றார் இன்னாசி.

வெட்டி மொட்டை மாடியில் போட்டார்கள். இரண்டு நாள் வெயில், ஒரு நாள் மழை. தினமும் மூன்று வேளை போய்ப் பார்த்தார்கள். எவர்சில்வர் பளபளவென்று அப்படியே கிடந்தது. பழசாகாமல் இருப்பதற்காகத்தான் அதை வாங்கினோம் என்பது மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் நாள் பைப்பைத் தட்டிப் பார்த்து, "திமிர் பிடிச்ச சரக்கு" என்று மாடக்கண்ணு முடிவு சொன்னார்.

பலவேசத்துக்குத்தான் வழி தோன்றியது. சண்முகவடிவின் கல்யாணத்துக்கு வந்த பாத்திரங்கள். எல்லாம் அசல் எவர்சில்வர், எல்லாம் பழசு. பழசுக்கு அத்தாட்சியாக ஒவ்வொன்றிலும் பேரும் தேதியும் வெட்டியிருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் பெரிய மாமா வாங்கிக் கொடுத்த தட்டில் சின்ன மாமா வாங்கிக் கொடுத்த ஆறு தம்ளர்களும் நின்ற வாக்கில் ஒட்டியிருந்தன. அடுக்குச் சட்டி ஐந்தும் ஒரே சட்டியாகிவிட்டது. டிபன் காரியரைச் சுற்றிலும் இன்னாசி போட்ட தையல் அப்படியொரு சுத்தம். அதன் நடு அடுக்கில் பலவேசத்தின் மதியச் சாப்பாடு இருந்தது.

"நல்லா பழகிட்டோம். வடிவு பாத்தா சந்தோஷப்படுவா" என்றார் பலவேசம், பசியோடு.

மறுநாள் இரண்டாம் விதி. 'இரும்பு தொட்ட எதுவும் எவர்சில்வர் பக்கம் வரக் கூடாது. வந்தால் துருப் பிடிக்கும்.' ஜெயசீலன் சொன்னது பிரஷ்ஷையும் அரைக்கிற சக்கரத்தையும். சர்க்குலரில் 'எதுவும்' என்றல்லவா இருந்தது.

இன்னாசி டார்ச்சை எடுக்கப் போகும்போது மாடக்கண்ணு தடுத்தார். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீரு?"

"முருங்கக்கீரைப் பொரியல்."

மாடக்கண்ணு பலவேசத்தைப் பார்த்தார். பலவேசம் கண்ணை மூடி யோசித்தார். "முருங்கைக்கீரையில இரும்பு இருக்குன்னு ஆஸ்பத்திரிச் சுவத்துலயே எழுதிப் போட்டிருக்கான். நீரு பைப்பைத் தொடப்பிடாது வே."

"எத்தன நாளைக்கு?"

"கீரை எத்தன மணிக்குச் செரிக்கும்?"

யாருக்கும் தெரியவில்லை. பாதுகாப்புக்காக ஒரு முழு நாள் ஒதுக்கினார்கள். இன்னாசி தெருவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு, தன்னால் பைப்புக்கு எந்தக் கெடுதலும் வந்துவிடக் கூடாதே என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. வெள்ளிக்கு மூன்று நாள்தான் என்று பலவேசம் விரல் விட்டு எண்ணினார்.

மூன்றாம் விதி, முகமூடி. 'மாஸ்க் அணியாமல் வெல்டிங் வெளிச்சத்தை நேராகப் பார்க்கக் கூடாது.' அதுவரை இன்னாசியே போட்டுக்கொண்டிருந்த மாஸ்க் ஒன்று, ஆள் மூன்று. இதில் பலவேசம் திணறவில்லை. முப்பது வருஷம் டூட்டி சார்ட் போட்ட மூளை. திங்கள், வியாழன் இன்னாசி. செவ்வாய், வெள்ளி மாடக்கண்ணு. புதன், சனி பலவேசம். ஞாயிறு மாஸ்க்குக்கு லீவு. ஒருத்தருக்கும் மனக்குறை வராதபடி பிரித்தார். வெல்டிங் செய்கிறவர் இன்னாசி மட்டும்தான் என்கிற சில்லறை விஷயம் சார்ட்டில் ஏறவில்லை.

ஆக, புதன்கிழமை காலை பலவேசம் மாஸ்க் போட்டுக்கொண்டு அடுப்படியில் காப்பி போட்டார். ஒன்றும் தெரியாமல் பால் பொங்கி வழிந்தது. வெளியே இன்னாசி வெறும் கண்ணோடு டார்ச்சும் கையுமாக நின்றார்.

"நேராப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான?" என்றார் இன்னாசி. "கண்ணாடில பாத்தா?"

"அது நேரா இல்லல்லா" என்றார் மாடக்கண்ணு.

டிரைவர் பின்னால் பார்க்கிற பழைய பஸ் கண்ணாடி ஒன்று இன்னாசி வீட்டில் இருந்தது. அதை எதிரில் ஒரு கம்பத்தில் கட்டிவிட்டு, பைப்புக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியைப் பார்த்தபடியே கையைப் பின்னால் நீட்டி வெல்டிங் ஆரம்பித்தார். டிப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. "வரலாம், வரலாம், ரைட்ல ஒடிங்க" என்று மாடக்கண்ணு குரல் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் மாடக்கண்ணுவின் செருப்பு பொசுங்கியது. கால் அதற்குள் இல்லாமல் போனது அவருடைய நல்ல நேரம்.

சாயங்காலம் ஆனதும் இருவருக்கும் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரிந்தது. கண் டாக்டர் மருந்தை விட்டுவிட்டு, எப்படி நடந்தது என்று விசாரித்தார். சொன்னார்கள். டாக்டர் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒரு சீட்டில், 'வெல்டிங் செய்கிறவர் மாஸ்க் போட வேண்டும். மற்றவர்கள் அந்தப் பக்கமே பார்க்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தார். புது சர்க்குலர் வந்துவிட்டதால் பழைய டூட்டி சார்ட் ரத்தானது. மாஸ்க் இன்னாசிக்குப் போயிற்று. மறுநாள் காலை அதைப் போட்டுக்கொண்டே இட்லி சாப்பிட முயன்றார் என்று கேள்வி.

வியாழக்கிழமை வேலை உருப்படியாகத் தொடங்கியது. அங்கேதான் இன்னொரு சங்கடம். இன்னாசி டார்ச்சைப் பிடித்தபடி சும்மா நின்றார்.

"என்ன வே, ஆரம்பியும்" என்றார் பலவேசம், சுவரைப் பார்த்தபடி.

"விசில் இல்லாம எப்படி எடுக்க?" என்றார் இன்னாசி.

நியாயந்தானே. முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட விசில் இல்லாமல் வண்டியை எடுத்தவர் இல்லை அவர். மாடக்கண்ணு வீட்டுக்கு ஓடிப் போய்ப் பழைய விசிலை எடுத்து வந்தார். இரண்டு விசில் கொடுத்தார். இன்னாசி வெல்டிங்கை ஆரம்பித்தார். அற்புதமாகப் போனது. அந்த நேரம் பார்த்து டீக்கடையிலிருந்து யாரோ கூப்பிட, மாடக்கண்ணு போய்விட்டார்.

நிறுத்துவதற்கு விசில் கொடுக்க ஆளில்லை. இன்னாசி நிறுத்தவில்லை. பைப் உருகி ஓட்டை விழுந்தது. ஓட்டை பெரிதாகிப் பைப் இரண்டானது. பைப் தீர்ந்ததும் அடுத்திருந்த தண்ணீர்க் குடத்தில் போய்க்கொண்டிருந்தார். மாடக்கண்ணு வடையை மென்றபடி வந்து ஒரு விசில் கொடுத்த பிறகுதான் கை நின்றது.

"ஏன் வே நிறுத்தல?" என்று பலவேசம் தலையில் அடித்துக்கொண்டார்.

"கண்டக்டர் சொல்லாம நடுரோட்டுல நிறுத்தினா மெமோ குடுப்பீருல்லா?" என்றார் இன்னாசி. பலவேசம் குடுத்திருப்பார்தான்.

பிறகு மாடக்கண்ணுவுக்கு டீ தடை செய்யப்பட்டது. கைப்பிடிக்கு நட்ட ஒவ்வொரு கம்பத்துக்கும் ஒரு ஸ்டாப் பேர் எழுதி ஒட்டினார்கள், இன்னாசிக்குப் பழக்கமாக இருக்கட்டும் என்று. மாடக்கண்ணு பேரைக் கூவி விசில் கொடுக்க, இன்னாசி நின்று ஒட்டி, இரண்டு விசிலுக்கு அடுத்த கம்பத்துக்குப் போனார். உண்மையைச் சொல்ல வேண்டும், வேலை அழகாக வந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு பக்கமும் பைப் மினுங்கியது. பலவேசம் பெருமையோடு தடவிப் பார்த்தார். நாலு கம்பம் ஆடியது. பைப்புக்கும் அவற்றுக்கும் ஒட்டே இல்லை.

"இதெல்லாம் ஏன் விட்டீரு?"

"நான் எக்ஸ்பிரஸ் டிரைவர்லா அண்ணாச்சி. சின்ன ஸ்டாப்புல நிக்கிற வழக்கம் கிடையாது."

மாடக்கண்ணுவும் தலையாட்டினார். அவரும் எக்ஸ்பிரஸ் கண்டக்டர்தான். அந்த நாலு ஸ்டாப்புக்கும் அவர் விசிலே கொடுக்கவில்லை.

அப்போது போன் வந்தது. சண்முகவடிவு. பலவேசம், "கைப்பிடி ஆயிட்டு வடிவு" என்றார்.

"நெசமாவா?" அவள் குரல் ஒரு மாதிரி இளகியது. "ஏங்க, ஒரு பக்கம் மட்டும் போட்டுட்டு ஆயிட்டுன்னு சொல்லப்பிடாது. எல்லாப் பக்கமும் இருக்கணும். ஒரு இடத்துல கூட விட்டுப் போயிருக்கக் கூடாது. எனக்குப் படியை நெனச்சாலே பயமா இருக்கு, விழுந்துருவேனோன்னு."

"விழ மாட்ட. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் பலவேசம். கண்ணில் நீர் வந்துவிட்டது. போனை வைத்ததும் அவள் சொன்னதை மறக்காமல் காகிதத்தில் எழுதினார். எழுதியதும் அது என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

மூவரும் எழுந்து நின்றார்கள். கையெழுத்துப் போட்டார்கள்.

நாலு கம்பத்தையும் டவுன் பஸ் சர்வீஸாக ஒருமுறை ஓட்டி ஒட்டி முடித்தார்கள். பிறகு பலவேசம் படியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எல்லாப் பக்கமும்னு சொல்லியிருக்கா. படிக்கு எத்தன பக்கம்?"

"இடது, வலது. ரெண்டு" என்றார் மாடக்கண்ணு.

"பஸ்ஸுக்கு எத்தன பக்கம்?"

"நாலு."

"அப்பம் படிக்கு?"

மாடக்கண்ணு எண்ணிப் பார்த்தார். மேல் பக்கம் ஒன்று, தெருவைப் பார்த்த கீழ்ப் பக்கம் ஒன்று. அடேயப்பா, இரண்டு பக்கத்தை மறந்தே போயிருந்தார்கள்.

"ஆனா அண்ணாச்சி," என்று இன்னாசி இழுத்தார், "ஏற எறங்க ஒரு பக்கம் தொறந்துல்லா இருக்கணும்? பஸ்ஸுலயே வாசல் உண்டுல்லா."

ஊர் ஒரு கணம் காப்பாற்றப்பட்டது. ஒரே ஒரு கணம்தான்.

"மாடக்கண்ணு," என்றார் பலவேசம் நிதானமாக, "உம்ம சர்வீஸ்ல பஸ்ஸுல இருந்து எத்தன பேரு விழுந்திருப்பாவ?"

"ஒரு ஏழெட்டுப் பேரு."

"எந்த வழியா விழுந்தாவ?"

"எல்லாரும் வாசல் வழியாத்தான்."

"அடைச்ச பக்கமா யாராச்சும் விழுந்தாவளா?"

"ஒருத்தர்கூடக் கிடையாது."

இத்தனை வருஷம் இத்தனை பஸ்ஸில் வாசலைத் திறந்து வைத்தே ஜனங்களை விழவைத்திருக்கிறார்களே என்று இன்னாசிக்கு மனசு கனத்துப் போனது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் மேலும் கீழும் மூன்றடி உயரத்துக்குக் கைப்பிடி அடைத்து, கம்பத்தோடு கம்பமாகப் பிசிறில்லாமல் ஒட்டி, மஞ்சள் துணியால் துடைத்துவிட்டார்கள்.

பதினொரு மணிக்கு ஆட்டோ வந்தது. அண்ணன் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள, வாக்கிங் ஸ்டிக்கை ஊன்றிச் சண்முகவடிவு இறங்கினாள். வெயிலில் பதினேழு படியும் மின்னியது. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"எனக்காகவா செஞ்சிய?" என்றாள். "வெல்டிங்காரன் ஒருத்தனும் வரலன்னு அண்ணன் சொன்னாவ. நீங்களேவா?"

"நாங்களே" என்றார் பலவேசம். மூன்று வாரம் கழித்து அவள் முகத்தைப் பார்க்கிறார்.

அவள் கிட்டே வந்து பைப்பைத் தொட்டாள். அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை. முகமெல்லாம் மலர்ந்தது. தொட்டபடியே கையை இடதுபக்கம் நகர்த்தினாள். சுவர் வந்தது. வலதுபக்கம் நகர்த்தினாள். மூலைக் கம்பம் வந்தது. திரும்ப இடதுபக்கம் வந்தாள்.

"ஏங்க, வழி எங்க?"

"வழி வச்சா விழுந்துருவல்லா" என்றார் பலவேசம். "நீதான ஒரு இடம்கூட விடக் கூடாதுன்ன?"

"அப்பம் நான் எப்படி ஏற?"

"பயமில்லாம ஏறலாம்" என்று மாடக்கண்ணு தைரியம் சொன்னார்.

சண்முகவடிவு அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன்தான் பேசினார். "மாப்ளே, இத வெட்டி எடும்."

"அது எங்க வேலையில்ல" என்றார் இன்னாசி. "நாங்க வண்டி ஓட்டுத ஆளுவ. கழட்டுதது ஒர்க்‌ஷாப் செக்‌ஷன்."

"வடிவு, ஆட்டோல ஏறு. போவோம்" என்றார் அண்ணன்.

பலவேசம் மச்சான் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று கெஞ்சினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கைப்பிடியைத் தாண்டி உள்ளே குதித்தார். பின்னாலேயே மற்ற இருவரும் குதித்தார்கள். உள்ளே கூடிக் கூடிப் பேசினார்கள். பேசி முடித்து நிமிர்ந்தபோது பலவேசத்தின் முகத்தில் அப்படியொரு தெளிவு.

"கைப்பிடி மூணு அடிதான் வடிவு. வெளிய நாலு படி எவர்சில்வர்ல போடுதோம். நீ அதுல ஏறுத. உள்ள நாலு படி போடுதோம். அதுல எறங்குத. எறங்கினா நம்ம மாடிப்படி. மேலயும் இதே மாதிரி. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவோம். போயிராத."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை ஆட்டோவைப் பார்த்தாள், பிறகு கைப்பிடிக்குள்ளே கெஞ்சிக்கொண்டு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். மூன்று வாரத்தில் ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"நீங்க போங்க அண்ணே" என்றாள். "இவுகள இப்படி விட்டுட்டு நான் எப்படி வர?"

ஆட்டோ போய்விட்டது. உரக்கடைக்காரர் ஒரு நாற்காலி கொண்டுவந்து தெருவில் போட, சண்முகவடிவு காலை நீட்டி உட்கார்ந்தாள். பலவேசம் சந்தோஷத்தில் அளவு டேப்பை இழுத்து, கைப்பிடிக்கு வெளியே ஒரு முனையை நீட்டினார். "இத மட்டும் கொஞ்சம் பிடி தாயி." தலையெழுத்தே என்று அவள் வாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாடக்கண்ணு காகிதமும் பென்சிலுமாக உள்ளே உட்கார்ந்து அளவைக் குறித்தார். குறித்தவர் சட்டென்று நிறுத்தினார்.

"அண்ணாச்சி, அந்த நாலு படியில ஏறும்போது வடிவு மயினி விழுந்துட்டா?"

பலவேசம் திகைத்துப் போனார். அவருக்கு அது தோன்றவே இல்லை. கைப்பிடிக்கு வெளியே டேப்பைப் பிடித்தபடி இருக்கிற மனைவியை மிகுந்த பாசத்தோடு பார்த்தார்.

"எழுதும் வே" என்றார். "அந்த நாலு படிக்கும் கைப்பிடி. நாலு பக்கமும்."